நடு கிளாஸில் நீட்டிய கால்

“…அதெல்லாம் சரி மச்சான், நீ எந்த கிளாஸ்ல வேணா டிக்கெட் போடு. ஆனா வீல்சேர்ல மட்டும் நான் ஒக்கார மாட்டேன். ஏர்போர்ட்ல பாப்பா நிக்கிற எடத்துக்கு நான் நடந்துதான் போவேன். என்னை ஒருத்தன் தள்ளிக்கிட்டு வர்றத அது பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.”

சொன்னவர் என் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக் கூடத்தில், இடது காலை எதிர் நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு சொன்னார். இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. லண்டனில் மேல்படிப்பு முடித்திருந்த அவர் மகளுக்கு அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. அப்பா கட்டாயம் வர வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். அப்பாவின் கால் விஷயம் அவளுக்குத் தெரியாது.

முந்தின வருஷம், அவள் கிளம்பிப் போய் மூன்றே மாதத்தில், மாமா சேத்தியாத்தோப்பிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது கரும்பு டிராக்டர் ஒன்றை முந்தப் போய் விழுந்தார். தப்பு தன்னுடையதுதான் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். இடது முட்டியில் பிளேட் வைத்தார்கள். பாதிக்கு மேல் அது மடங்காது. தெரிந்தால் மகள் படிப்பைப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள் என்பதால், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே உத்தரவு போட்டுவிட்டார். அவளிடம் ‘லேசான சுளுக்கு’ என்று ஒரு முறை சொன்னதோடு சரி. பிறகு ஒரு வருஷம் நெட் சென்டரில் கேமரா முன்னால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேமராவுக்கு மார்புக்கு மேல்தானே தெரியும்.

“படிப்பு முடிஞ்சிடிச்சே மாமா, இப்ப சொன்னா என்னா?” என்று கேட்டேன். விழா மேடையில் அவள் பட்டம் வாங்கும்போது அந்தப் பட்டத்தைத்தான் நினைக்க வேண்டும், கீழே உட்கார்ந்திருக்கிற அப்பன் காலை நினைக்கக் கூடாது, மேடை இறங்கின பிறகு தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். பேச்சு அங்கேயே முடிந்தது.

டாக்டர் பறக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் பத்து மணி நேரம் முட்டியை மடக்கி வைத்தால் வீங்கி இறுகிக்கொள்ளும், அப்புறம் அன்றைக்கு முழுக்க நடையைப் பற்றிப் பேச வேண்டாம், காலை நீட்டி வைக்கணும், மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி வைக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆக, மாமா மகள் முன்னால் நடந்து போவதா இல்லையா என்பது லண்டனில் தீர்மானமாகப் போவதில்லை. உட்கார்ந்து வரும் சீட்டில்தான் தீர்மானமாகும்.

இங்கே என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனு டைப் அடிப்போம், ஃபாரம் நிரப்புவோம். நான் படித்தது பத்தாவது. மிச்சப் படிப்பெல்லாம் கடை வாசலில் நின்றவர்கள் கொடுத்தது. வருகிறவர்கள் சொல்வதை மறக்கவே எனக்கு வராது. பட்டா மாற்ற வந்த ஒருவர், “நெலம் என்னுதுதாங்க, பேரு மட்டும் செத்துப் போனவருது” என்றார். பென்ஷனுக்கு வந்த ஓர் அம்மா தன் போட்டோவைப் பார்த்து, “இப்படி மொறச்சா எவன் குடுப்பான்?” என்று திருப்பி எடுக்கச் சொன்னார். என் இங்கிலீஷும் ஃபாரத்தில் கற்றதுதான். ‘காலதாமதத்துக்கான காரணம்’ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இங்கிலீஷில் சொல்வேன். தண்ணீர் கேட்கத்தான் யோசிக்க வேண்டும்.

அந்தக் கடைக்குச் சான்றிதழ் நகல் எடுக்க வந்த ஒரு கப்பல்காரர்தான் எனக்கு வழி காட்டினார். மாமாவின் கால் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ப்ளேன்ல முன்னாடி படுத்துக்கிட்டுப் போறவங்க, பின்னாடி மடங்கிக்கிட்டுப் போறவங்க. நடுவுல நீட்டிக்கிட்டுப் போற எடம் ஒண்ணு இருக்குது. பிரீமியம் எகானமின்னு கேளு.” விமானத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சிதம்பரம் போய் மாமாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் இருபத்தேழு வருஷமாக இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். “பிரீமியமா? எத்தினி வருஷத்துக்கு?” என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. எங்கள் பக்கத்தில் பிரீமியம் என்றால் பாலிசிக்குக் கட்டுகிறது ஒன்றுதான். விமானக்காரன் ஏதோ பாலிசியைத் தலையில் கட்டுகிறான், நோட்டீஸ் கொடுத்திருப்பானே, அதன் பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது பார் என்றார். பாலிசி இல்லை மாமா, சீட்டு என்று புரிய வைப்பதற்குள் அக்கா இரண்டு தடவை காபி போட்டுவிட்டார். சீட்டு என்றதும் சீட்டுக் கம்பெனியா என்று மாமாவுக்கு அதற்கும் ஒரு சந்தேகம்.

அக்காவையும் வரச் சொன்னோம். அக்கா மாட்டேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். “நான் வந்தா என் மூஞ்சே பாப்பாகிட்ட சொல்லிடும். நீ போடா தம்பி. நீ பேசற பேச்சுல யாரு காலைப் பார்ப்பாங்க?” இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நானே என் கடைக் கம்ப்யூட்டரில் சீட்டுப் படத்தைப் பார்த்து இடம் போட்டேன். இடது கால் நீட்ட வேண்டுமென்றால் நடைபாதை மாமாவுக்கு இடது கைப் பக்கம் வர வேண்டும். யோசித்து, விரல் வைத்துப் பார்த்து, இரட்டை சீட்டாக ஒன்று பிடித்தேன். அதில்தான் ஒரு கோளாறு செய்தேன். எங்கள் ஊர் பஸ் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் சார்ட்டை கிளார்க் தன் பக்கம் பார்த்து வைத்திருப்பார். எதிரே நிற்கிற நாம் தலைகீழாகப் படித்துப் படித்துப் பழகியிருப்போம். அந்தக் கண்ணோடு கம்ப்யூட்டர் படத்தையும் படித்துவிட்டேன். இது எனக்குத் தெரிய வந்தது விமானத்துக்குள் போன பிறகு.

சென்னை ஏர்போர்ட் வாசலில் மாமா தன் கைத்தடியை வேன் டிரைவரிடம் கொடுத்து, வீட்டில் கொடுத்துவிடு என்றார். அவர் பெட்டி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார், பாரத்தை அதன் மேல் போட்டார், குழந்தை நடைவண்டி தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பார்க்கிறவனுக்கு மூட்டை ஜாஸ்தி என்றுதான் தோன்றும்.

பெட்டியைப் போட்டதும் வண்டியும் போய்விட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் அவர் நடையைப் பார்த்து, வீல்சேர் வேண்டுமா சார் என்று கேட்டாள். மாமா சுவரோரம் கை காட்டினார். அங்கே வீல்சேர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் நம் ஊர் அப்பா அம்மாக்கள். நடுவில் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா, வயது அறுபது இருக்கும், வீல்சேரிலிருந்து எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் வீல்சேரில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளைதான் ஊராம். மகனைப் பார்க்கப் போகிறாராம். காலுக்கு என்னம்மா என்றேன்.

“காலுக்கு ஒண்ணுமில்ல தம்பி. தெனம் ரெண்டு மைல் நடக்கறேன். இது இங்கிலீஷுக்கு.”

இந்த வண்டியில் உட்கார்ந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், தள்ளுகிறவனே எல்லாம் பேசிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்று மகன் ஏற்பாடு செய்திருக்கிறான். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். கால் நன்றாக இருக்கிறவர்கள் உட்கார்ந்திருக்க, மடங்காத கால்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாமா அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

விமானத்துக்குள் எங்கள் இடம், பின்னாடி மடங்கிப் போகிறவர்களை மறைக்கிற திரைக்கு இந்தப் பக்கம். எங்கள் வரிசை ஜன்னலோரம் இரண்டே சீட்டு. சீட்டு அகலம், முன்னால் தாராளமாக இடம். மாமா நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, காலை வெளியே விடப் பார்த்தார். நடைபாதை அவருக்கு வலது கைப் பக்கம் இருந்தது.

“மச்சான், எந்தக் கால்னு நீ ஃபாரத்துல எழுதல போலிருக்குது” என்றார்.

சீட்டை மாற்றித் தரச் சொல்லி விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டேன். பெண் என்ன பெண், என் அக்கா வயது இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்றார். நடுவில் இருந்த கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தேன். அது தூக்க வராத சாதி. ஆனால் அதன் கீழே இடம் இருந்தது. மாமா சாய்வாக உட்கார்ந்து, இடது காலை அதன் கீழே விட்டு, என் கால் வைக்கிற இடத்தில் நீட்டினார். முழுசாக நீண்டது. அப்படியானால் என் கால் எங்கே? சீட்டு அகலமாயிற்றே. செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேலேயே சம்மணம் போட்டேன். பெல்ட்டும் மாட்டியது. லண்டன் வரைக்கும் பந்தியில் உட்கார்ந்த மாதிரிதான் போனேன். கப்பல்காரர் சொன்ன நீட்டிக்கொண்டு போகிற இடத்தில் இரண்டு பேர் இடத்தையும் ஒரே கால் எடுத்துக்கொண்டது.

விமானம் காலையில் கிளம்பியது. நாங்களும் சூரியனும் ஒரே திசையில் போனதால் வழி முழுக்கப் பகல்தான். ஏறின உடனேயே கண்ணாடித் தம்ளரில் ஜூஸ். “இது பிரீமியத்துல சேர்ந்ததா, தனியா?” என்று மாமா என் காதில் கேட்டார். சேர்ந்தது என்றதும் இரண்டு எடுத்துக்கொண்டார். பிறகு இடுக்கியால் பிடித்துச் சுடச்சுட ஒரு சின்ன துண்டு கொடுத்தார்கள். மற்றவர்களெல்லாம் முகம் துடைத்தார்கள். மாமா பேன்ட் மேலேயே முட்டியில் வைத்து அழுத்தி, ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். கண்ணாடிக்கார அம்மா அதைப் பார்த்தார். உள்ளே போய் இன்னும் நாலு துண்டு கொண்டுவந்து மாமா மடியில் வைத்தார். அதற்கப்புறம் கேட்காமலேயே வந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு நிஜமான இரும்புக் கரண்டி. கொஞ்சம் சாய்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மாமா தொழில் பேச்சுக்கு வந்தார். “பிரீமியம்னா என்னா மச்சான்? வரவே கூடாதுன்னு நெனைக்கிற ஒண்ணுக்கு முன்னாடியே கட்டறது. கட்டினவன் போனப்புறம் எவனோ வாங்குவான். இருபத்தேழு வருஷத்துல, கட்டினவனே உசுரோட ஒக்காந்து அனுபவிக்கிற பிரீமியம் இதுதான் பார்க்கறேன்.” இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. ஜன்னலைத் தவிர யாரும் இல்லை.

மணிக்கு ஒரு தடவை எழுந்தார். சீட்டுகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரை வரைக்கும் போய்த் திரும்புவார். ஒரு முறை திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிள்ளை அம்மா தலை நீட்டினார். “இங்க மட்டும் என்னாண்ணே இவ்ளோ எடம்?” என்றார். மாமா, “இது காலுக்கும்மா” என்றார். அந்த அம்மா அவர் காலை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாவது மணி நேரம் வரைக்கும் எல்லாம் எங்கள் கணக்குப்படிதான் நடந்தது. அப்புறம் விமானம் ஆட ஆரம்பித்தது. பெல்ட் விளக்கு எரிந்தது. யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். கால் மணி, அரை மணி என்று பார்த்தால், ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த விளக்கு அணையவில்லை. ஒத்தடத் துண்டும் வரவில்லை, கண்ணாடிக்கார அம்மாவே பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு உதறலுக்கும் மாமாவின் கால் முன் சீட்டின் அடியில் இருந்த இரும்புக் கம்பியில் இடித்தது. அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கவனத்தைத் திருப்பலாம் என்று என் கடைக் கதைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“மச்சான், செத்த வாயை மூடு. கால் சொல்றது காதுல விழல.”

மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

விளக்கு அணைந்ததும் எழுந்தார். முதல் அடியிலேயே முகம் மாறியது. ஆனாலும் திரை வரைக்கும் போனார், திரும்பினார், மறுபடியும் போனார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே வருகிறேன் என்றார். இறங்குகிற அறிவிப்பு வரும்வரை நின்றார்.

தரையில் இறங்கியதும் சிக்கல் ஷூவில் வந்தது. விழாவுக்கென்று கடலூரில் வாங்கிய ஷூ. இடது பாதம் வீங்கி உள்ளே போகவில்லை. நான் குனிந்து திணிக்கிறேன், அவர் மேலேயிருந்து மிதிக்கிறார், எல்லோரும் எங்களைத் தாண்டி இறங்குகிறார்கள். கண்ணாடிக்கார அம்மா வந்து வீல்சேர் சொல்லட்டுமா என்றார். என் ஃபாரத்து இங்கிலீஷ் கிளம்புவதற்குள் மாமா மூன்று வார்த்தை சொன்னார். “நோ. டாட்டர். வாக்.”

அந்த அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, ஷூவின் கயிற்றை ஓட்டை ஓட்டையாக முழுசும் உருவி எடுத்தார். அதன் நாக்குத் தோலை வெளியே இழுத்துப் பிளந்து காட்டினார். பாதம் உள்ளே போய்விட்டது. கயிற்றைச் சுருட்டி என் சட்டைப் பையில் வைத்தார்.

விமானக் கதவுக்கு வெளியே, நடைபாலத்தில், கிள்ளை அம்மாவின் வீல்சேரும் இன்னொரு பெரியவரின் வீல்சேரும் நின்றன. தள்ளுவதற்கு ஒரே ஒரு ஆள். இன்னொரு ஆள் வர நேரமாகும் போலிருக்கிறது. அவன் என்னைப் பார்த்து, இந்த அம்மாவை நீங்கள் தள்ளிக்கொண்டு என் பின்னால் வர முடியுமா என்று கேட்டான். நான் தலையாட்டுவதற்குள் என் தோளில் இருந்த கை எடுபட்டது. மாமா போய் அந்த வீல்சேரின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துவிட்டார்.

சென்னையில் பெட்டி வண்டி தள்ளின அதே தள்ளு. அந்த நடைபாதைக்கு முடிவே இல்லை, திரும்பத் திரும்ப வளைந்தது. வீல்சேர் என்பதால் எங்களைத் தனி வரிசையில் விட்டார்கள், கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்போர்ட் பார்த்தவர் மாமாவைக் கணவர் என்று நினைத்து அந்த அம்மாவிடம் ஏதோ சொன்னார். அவரும் புரியாமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். பாதி தூரத்தில் வீல்சேரின் முன் சக்கரம் லேசாகத் தூக்கிக்கொண்டது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஏண்ணே, நீங்க என்னைத் தள்றீங்களா, நான் ஒங்களைச் சொமக்கிறனா?”

மாமாவுக்கு வேர்த்திருந்தது. ஆனாலும் சிரித்தார். மகள் வெளியே நிற்கிறாள், இந்தக் கால் அவளுக்குத் தெரியாது என்று ரகசியம்போலச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு சீட்டில் நன்றாக முன்னால் நகர்ந்து, பையைப் பாதத்தின் மேல் வைத்து, வண்டியின் முன்பக்கம் கனமாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சக்கரம் தூக்கவில்லை.

பெட்டிகளை நான் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். கடைசிக் கதவு தானாகத் திறந்தது. எதிரே கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டம். மாமாவின் மகள் முதல் வரிசையிலேயே நின்றாள், தலை வரைக்கும் கோட்டு. எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். அவளுக்கு முன்னாலேயே வேறொரு குரல் ‘அம்மா’ என்றது. கிள்ளை அம்மாவின் மகன். அந்தக் குரலைக் கேட்டதும் அந்த அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். வீல்சேரிலிருந்து குதித்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

பாரம் போன வீல்சேர் மாமாவின் கைக்கு நிற்கவில்லை. முன்னால் வழுக்கி ஓடி ஒரு தூணில் முட்டி நின்றது. மாமா வெறுங்கையோடு நடுவில் நின்றார். நான் பெட்டி வண்டியை விட்டுவிட்டு ஓடினேன். கிட்டே வராதே என்று அவர் கண்ணாலேயே சொன்னார்.

மகள் கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்து பத்தடி தூரத்தில் நின்றாள். மாமா நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கயிறில்லாத ஷூ ஒவ்வொரு அடிக்கும் சப்பென்று அடித்தது. முதுகு நேராக இருந்தது. முகத்தில் கேமராவுக்கு முன்னால் வைத்திருக்கிற அதே சிரிப்பு. ஒருவரையும் பிடிக்காமல் அவளிடம் போய்ச் சேர்ந்தார். தலையில் கை வைத்தார். நல்லா இருக்கியாம்மா, குளிருக்கு இந்தக் கோட்டு போதுமா என்று கேட்டார்.

அவள் கண்களை அவர் முகத்திலிருந்து கீழே இறக்கி, ஷூவில் நிறுத்தினாள்.

“எத்தினி நாளாப்பா இது?” என்றாள். அழவில்லை. “ஒரு வருஷமா கேமராவுல நீங்க ஒரு தடவைகூட எழுந்து நிக்கல. நான் ஒரு மடச்சி, கவனிக்கல.”

என் வேலை இப்போதுதான் ஆரம்பம் என்று நான் வாயைத் திறந்தேன். விமானத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்தது, லேசான பிடிப்பு, ராத்திரி எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று அழகாகக் கோத்து வைத்திருந்தேன். மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தூணோரம் நின்ற அந்தக் காலி வீல்சேரைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அதில் உட்கார்ந்தார், இடது காலை மகள் பக்கமாக நீட்டினார், குனிந்து பேன்ட்டை மடித்து மடித்து முட்டிக்கு மேலே ஏற்றினார்.